வாய், பல், பேச்சு வரும் கனவுகள்: எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

நிலாமுற்றம் — 3 பிப்ரவரி, காலை 6.50

கனவில் பல் கொட்டுகிறது. நாக்கு தடித்துப்போகிறது. கத்தினால் சத்தம் வரவில்லை. வாயிலிருந்து நூல் நூலாக எதையோ இழுத்துக்கொண்டே இருக்கிறோம், முடிவதே இல்லை. இவை எல்லாம் ஒரே கனவின் வேடங்கள்தான், சொல்லாமல் அடக்கி வைத்தது வாய் வழியாக வெளியே வரப் பார்க்கிறது என்பது என் கருத்து. பலன் பட்டியல்களில் பல்லுக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று என்று பிரித்து எழுதியிருப்பது வீண். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

கனாக்குறிப்பு — 3 பிப்ரவரி, இரவு 9.15

பட்டியல் வீண் என்பது சரி. எல்லாம் ஒன்றே என்பதை ஏற்க முடியவில்லை. நீங்கள் சொன்ன நான்கில் பல் கனவு பெரும்பாலும் தாடையிலிருந்து வருகிறது. சத்தம் வராத கனவில் தூக்கத்தின் தசைத் தளர்ச்சிக்குப் பங்கு உண்டு. வாயில் ஏதோ ஒட்டியிருக்கும் கனவில் முதலில் உலர்ந்த வாயைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் பொருள் தேடிப் படிக்கலாம். கழிக்காமல் படித்தால் ஈறு வீக்கத்துக்கு வாழ்க்கைத் தத்துவம் சொன்ன கதையாகிவிடும்.

வரிசை இதுதான்: முதலில் உடம்பு, அடுத்து கனவில் எதிரே நின்ற ஆள், கடைசியில் உருவகம். பலரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். நடுவில் இருப்பதை, அதாவது யாரிடம் பேச வாயெடுத்தோம் என்பதை, கேட்பதே இல்லை. என் கணக்கில் பாதி விளக்கம் அங்கேதான் இருக்கிறது.

தாடைமூட்டு — 4 பிப்ரவரி, காலை 7.30

உடம்புப் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பல் கனவுக்கு நேரடியான ஆய்வு ஒன்று இருக்கிறது. 2018இல் இஸ்ரேலில் ரோசன், சோஃபர்-டூடெக் என்ற இருவர் 210 பேரிடம் கேட்டுச் செய்தது. பல் விழும் கனவு, காலையில் பல்லிலும் ஈறிலும் தாடையிலும் உணரும் இறுக்கத்தோடு சேர்ந்து வந்தது. மன உளைச்சலோடு அப்படிச் சேரவில்லை. விழுவது, மூச்சுத் திணறுவது போன்ற மற்ற கனவு வகைகள் உளைச்சலோடு சேர்ந்தன, பல் இறுக்கத்தோடு சேரவில்லை. ஒரே ஓர் ஆய்வுதான், அதுவும் அவரவர் சொன்னதை வைத்துச் செய்தது. ஆனாலும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைக் காட்டப் போதும்.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே பார்க்க வேண்டியவை:

கன்னத்தில், காதுக்கு முன்னே இரண்டு விரலை வைத்துப் பல்லைக் கடியுங்கள். புடைக்கும் தசையை அழுத்தினால் வலிக்கிறதா? நெற்றிப்பொட்டில் மந்தமான வலி இருந்து, எழுந்து நடமாடியதும் குறைகிறதா? கண்ணாடியில் நாக்கின் ஓரம் பல் பதிந்து அலை அலையாகத் தெரிகிறதா? கன்னத்தின் உட்பக்கம், பற்கள் சேரும் உயரத்தில், வெள்ளைக் கோடு இருக்கிறதா? இரண்டு மூன்று சேர்ந்து இருந்தால் இரவில் பல்லை நெரிக்கிறீர்கள் என்று சந்தேகிக்கலாம். பல் மருத்துவர் தேய்மானத்தைப் பார்த்து உறுதி செய்வார், தேவைப்பட்டால் அளவெடுத்து நைட் கார்டு, அதாவது இரவில் பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை, செய்து தருவார். கார்டு பல்லைக் காக்கும். நெரிக்கும் பழக்கத்தை அது நிறுத்தாது. அதனால் கார்டு போட்ட பிறகும் பல் கனவு வந்தால் 'அப்படியானால் உடம்புக் காரணம் இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. புதுக் கார்டே முதல் சில வாரங்களுக்கு 'வாயில் ஏதோ இருக்கிறது' என்ற கனவைக் கொண்டுவரலாம்.

பகலில் செய்யக்கூடியது ஒன்று: உதடு சேர்ந்திருக்கட்டும், பல் விலகியிருக்கட்டும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. கணினித் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் தாடையைத் தளர்த்துங்கள்.

தாடைமூட்டு — 4 பிப்ரவரி, காலை 7.52

விட்டுப்போனது. மூக்கடைப்பு, வாயால் மூச்சு விடுவது, ஒவ்வாமை மாத்திரை: மூன்றும் வாயை உலர்த்தும். பசை, ரப்பர், முடி, பஞ்சு வாயில் நிறையும் கனவு வந்த இரவுகளில் இவற்றையும் குறித்துவையுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் சில பல் நெரிப்பைக் கூட்டும், கனவையும் துலக்கமாக்கும். சந்தேகம் வந்தால் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நிலாமுற்றம் — 4 பிப்ரவரி, இரவு 10.05

பல்லை விட்டுவிடுகிறேன். கத்த முடியாத கனவு? அதற்கு 'தூக்கத்தில் உடம்பு முடங்கியிருக்கிறது, அதனால் குரல் வரவில்லை' என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அவ்வளவுதானா?

கனாக்குறிப்பு — 5 பிப்ரவரி, இரவு 8.40

அவ்வளவு இல்லை.

முடக்கம் உண்மைதான். ரெம் தூக்கம் என்று ஒன்று உண்டு. 1953இல் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் சிகாகோவில் விவரித்தது. துலக்கமான கனவுகள் பெரும்பாலும் வரும் கட்டம். அப்போது மூளைத்தண்டிலிருந்து போகும் கட்டளை தசைகளைத் தளர்த்திவிடுகிறது. கண்ணசைவும் உதரவிதானமும் தப்புகின்றன. தாடை, நாக்கு, தொண்டை எல்லாம் தளர்ச்சிக்குள் வரும்.

ஆனால் இதே தளர்ச்சி எல்லா ரெம் கனவிலும் இருக்கிறதே! அதே கட்டத்தில் நாம் மணிக்கணக்காக அரட்டை அடிக்கிறோம், பாடுகிறோம், மேடையில் முழங்குகிறோம். குரல் தடையில்லாமல் வருகிறது. கனவில் பேச நிஜ நாக்கு தேவையில்லை. ஆக, முடக்கம் மட்டுமே காரணமென்றால் கனவில் யாருமே பேச முடியாது.

என்னால் ஏற்க முடிகிற விளக்கம் இதுதான். தூக்கம் மேலோட்டமாகி, விழிப்பு நெருங்கும்போது உடம்பு அசையாமல் கிடப்பது அரைகுறையாக உணர்வுக்கு எட்டுகிறது. அந்த நேரத்தில் கனவில் அச்சமோ அவசரமோ இருந்தால் நிஜமான கத்தல் ஒன்றுக்கான முயற்சியே தொடங்கிவிடுகிறது. முயற்சிக்குத் தசை பதில் சொல்லவில்லை. 'வாயைத் திறக்கிறேன், காற்றுதான் வருகிறது' என்பது அந்த நேரத்து அனுபவம். பக்கத்தில் படுத்தவருக்கு ஒரு முனகல் கேட்கும், கனவு கண்டவர் உடனே விழித்துக்கொள்வார். கண் திறந்தும் அசைய முடியாமல், நெஞ்சு அழுந்துவது போலக் கிடந்தால் அதற்குப் பெயர் தூக்க முடக்கம். சில நொடி முதல் ஓரிரு நிமிடத்தில் தானாக விலகும். கத்த முயல்வதைவிட மெதுவாக மூச்சு விடுவதிலும் ஒரு விரல் நுனியை அசைப்பதிலும் கவனம் வைப்பது நல்லது. மல்லாந்து படுப்பவர்களுக்கு இது அதிகம் வருகிறது, ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள்.

அதனால் கேட்க வேண்டியது இரண்டு. குரல் வராத அந்தக் கணத்தோடு விழிப்பு வந்ததா? அல்லது குரல் வராமலே கனவு நீண்டு, அடுத்த காட்சிக்கும் போனதா? முதலாவதை நான் உடம்புக் கணக்கில் எழுதுவேன். இரண்டாவதுதான் பொருள் தேட ஏற்றது. அதில் குரலின்மை கதையின் பகுதியாகிவிட்டது, மற்றவர்கள் அதற்கு எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் கனவிலேயே இருக்கும்.

சொல்லடுக்கு — 6 பிப்ரவரி, மாலை 5.20

'பேசினேன்' என்று கனவைச் சொல்பவர்கள் உண்மையில் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, சொற்கள் காதில் விழுந்தன, அப்படியே திருப்பிச் சொல்ல முடியும். இரண்டு, இன்னது பேசினார் என்று தெரிந்தது, ஆனால் ஒரு சொல்லும் கேட்டதாக இல்லை. மூன்று, வாய் அசைந்தது, பொருளும் தெரியவில்லை. குறிப்பில் இதை க, ச, ட என்று குறியிட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். 'அம்மா என்னைத் திட்டினார்' என்பது இரண்டாம் வகை என்றால், திட்டிய சொற்களை விழித்த பிறகு நாமே இட்டு நிரப்புகிறோம். இட்டு நிரப்பிய சொல்லுக்குக் கனவின் பொருள் தேடினால் தேடுவது நம் பகல் நினைப்பைத்தான்.

முதல் வகைச் சொற்களைத்தான் விழித்தவுடன் முதலில் எழுத வேண்டும். உருவமும் இடமும் சற்று நேரம் தங்கும், வாக்கியம் தங்காது. கண்ணைத் திறக்காமல், படுத்த நிலை மாறாமல், வாக்கியத்தை மனத்தில் இரண்டு முறை ஓட்டி, பிறகு கையை நீட்டி எழுதுங்கள். இலக்கணப் பிழையைத் திருத்தாதீர்கள்.

சொல்லடுக்கு — 6 பிப்ரவரி, மாலை 5.48

பிழை பற்றி ஒரு வார்த்தை. உளநோய் மருத்துவர் கிரெப்லின் 1906இல் கனவுப் பேச்சின் கோளாறுகளை மட்டுமே வைத்து ஒரு நூல் எழுதினார், 286 எடுத்துக்காட்டுகளோடு. பெரும்பாலும் அவருடைய சொந்தக் கனவுகள். புதிதாய் முளைத்த சொற்கள், தொடர்பறுந்த வாக்கியங்கள் அதில் நிறைய. அதைப் படிப்பவர்கள் கனவில் மொழி உடைந்துதான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கோளாறைத் தேடித் தொகுத்ததில் கோளாறுதானே இருக்கும்! 1980களில் நெதர்லாந்தில் ஹெய்னிக் என்பவர் கோளாறு பார்த்துப் பொறுக்காமல் கனவு உரையாடல்களைச் சேகரித்தபோது மிகப் பெரும்பாலானவை ஒழுங்கான வாக்கியங்களாகவே இருந்தன. ஆகவே உங்கள் கனவில் ஓர் உளறல் சொல் வந்தால் அது அரிதான சரக்கு, பத்திரப்படுத்துங்கள். கண் அயரும் தறுவாயில் வந்ததா, விடிகாலையில் வந்ததா என்றும் எழுதுங்கள். அயரும் நேரத்து உளறல் மிகச் சாதாரணம், அதில் அதிகம் தோண்ட வேண்டாம்.

நிலாமுற்றம் — 7 பிப்ரவரி, காலை 6.15

தூக்கத்தில் வாய்விட்டுப் பேசுவது? அதைக் கேட்டு 'உள்ளத்தில் இருப்பது வந்துவிட்டது' என்று வீட்டில் சண்டையே வருகிறது.

சொல்லடுக்கு — 7 பிப்ரவரி, இரவு 9.30

அந்தச் சண்டைக்கு ஆதாரம் போதாது. 2017இல் பிரான்சில் 232 பேரின் தூக்கப் பேச்சை ஒலி, ஒளிப்பதிவோடு ஆராய்ந்தார்கள். பதிவானவற்றில் பாதிக்கு மேல் சொல்லே இல்லாத முனகல், முணுமுணுப்பு, சிரிப்பு. சொல் தெளிவாக இருந்தவற்றில் மிக அதிகம் வந்தது 'இல்லை' என்பதற்கான சொல். வசவும் நிறைய. தூக்கத்தில் நாக்குக்கு அத்தனை கடிவாளம் இல்லை, அவ்வளவுதான். தூக்கப் பேச்சு ரெம் அல்லாத கட்டங்களிலும் வரும். காலையில் நினைவிருக்கும் கனவும் இரவு இரண்டு மணிக்குப் பேசிய பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அதை வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது அநியாயம்.

கனாக்குறிப்பு — 7 பிப்ரவரி, இரவு 10.10

இதில் ஒரு விலக்கு, அதைத் தயவுசெய்து யாரும் தாண்டிப் போகாதீர்கள். 50 வயதுக்கு மேற்பட்ட ஒருவர், குறிப்பாக ஆண், புதிதாகத் தூக்கத்தில் கத்தத் தொடங்கி, கூடவே கை கால் வீசி அடித்து, விழித்ததும் 'என்னைத் துரத்தினார்கள்' என்று கனவைச் சொன்னால், அது வெறும் தூக்கப் பேச்சாக இல்லாமல் இருக்கலாம். ரெம் கட்டத்துத் தளர்ச்சி செயல்படாமல் போகும் நோய் ஒன்றை 1986இல் ஷெங்க், மஹோவால்ட் குழுவினர் விவரித்தார்கள். பார்க்கின்சன் போன்ற நோய்களுக்குப் பல ஆண்டுகள் முன்னறிகுறியாக அது வரக்கூடும். நரம்பியல் அல்லது தூக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதுவரை கட்டிலைச் சுற்றிக் கூரான மேசை, கண்ணாடி இருந்தால் நகர்த்திவையுங்கள்.

அதேபோல் தொண்டை அடைப்பது, நீரில் மூழ்குவது, வாயில் எதையோ திணிப்பது போன்ற கனவுகள் திரும்பத் திரும்ப வந்து, பலத்த குறட்டையும், திணறி விழிப்பதும், பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் தூக்க மூச்சடைப்புக்குப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரெம் நேரத்தில் நாக்கும் தொண்டையும் தளர்வதால் பலருக்கு அந்த நேரத்தில்தான் அடைப்பு கூடும்.

வைகறைவாசல் — 8 பிப்ரவரி, காலை 5.55

பழையவர்களை இப்படி ஒதுக்குவது நியாயமில்லை. இரண்டாம் நூற்றாண்டு கிரேக்கர் ஆர்ட்டெமிடோரஸ் வாயை வீடாகவும் பற்களை வீட்டாராகவும் வைத்துப் படித்தார். மேல் வரிசை வீட்டின் பெரியவர்கள், கீழ் வரிசை அவர்களுக்கு அடுத்தவர்கள், வலது ஆண், இடது பெண். எந்தப் பல் என்று கேட்டு அதற்கேற்பச் சொன்னார். இதுவும் ஒழுங்கான முறைதானே?

கனாக்குறிப்பு — 8 பிப்ரவரி, இரவு 8.25

ஒழுங்கான முறைதான், ஒதுக்கவும் இல்லை. அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வரைபடத்தைவிட அதற்கு அடுத்து வரும் பகுதி. கடன்பட்டவன் பல் விழக் கண்டால் கடன் அடையும் என்கிறார். ஒரே கனவு, ஒருவருக்கு இழப்பு, இன்னொருவருக்கு விடுதலை. கண்டவர் யார், என்ன தொழில், என்ன நிலை என்று தெரியாமல் பலன் சொல்லக் கூடாது என்று வற்புறுத்தியவர் அவர். பின்னால் வந்த பட்டியல்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு கேள்வியைத் தொலைத்துவிட்டன.

வைகறைவாசல் — 8 பிப்ரவரி, இரவு 11.02

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய் யாருடையது? ஃப்ராய்ட் தன் முறைக்கு மாதிரியாக முன்வைத்த கனவு, 1895 ஜூலையில் கண்டது, இன்னொருவரின் வாய்க்குள் பார்ப்பதுதான். இர்மா என்று அவர் பெயரிட்ட நோயாளி வாயைத் திறக்கத் தயங்குகிறார், பிறகு திறக்கிறார், தொண்டையில் வெள்ளைத் திட்டு. இந்தக் கனவுக்கு ஃப்ராய்ட் தந்த விளக்கம் முழுக்கத் தன் மருத்துவப் பொறுப்பைப் பற்றிப் போகிறது. பார்ப்பவனாக இருந்தவர் கனவு கண்டவர், வாய் மற்றவருடையது. அதை 'என்னால் பேச முடியவில்லை' வகையோடு சேர்த்தால் எல்லாம் பிசகும். கனவில் கேட்கும் பேச்சு முந்தைய நாட்களில் கேட்டதும் சொன்னதுமான துண்டுகளை ஒட்டியது என்று அவர் சொன்னதும் நடைமுறையில் மிக உதவுகிறது. வாக்கியம் கிடைத்தால் முதல் வேலை, நேற்று இந்தச் சொற்களை யார் வாயில் கேட்டோம் என்று தேடுவது.

நம் பக்கத்தில் கண்ணகியின் கனவு. அதில் பேச்சு இரண்டு முறை வருகிறது: அறியாத ஊரார் அவள் மேல் பொருந்தாத ஒரு பழிச்சொல்லை இடுகிறார்கள், அவள் அரசன் முன் நின்று வழக்குரைக்கிறாள். தன் மேல் விழுந்த சொல், தான் எடுத்துரைத்த சொல். குறிப்பேட்டில் இந்த இரண்டுக்கும் தனித்தனி இடம் வேண்டும்.

கனாக்குறிப்பு — 9 பிப்ரவரி, மாலை 6.45

அருமையான பிரிப்பு. அதையும் சேர்த்து ஏட்டின் வடிவத்தைச் சொல்கிறேன். 14 நாள் தொடர்ந்து எழுதினால் போதும், கனவு நினைவில்லாத நாளும் 'இல்லை' என்று எழுத வேண்டும்.

விழித்த நேரம். தாடை, பல், வாய், தொண்டை எப்படி இருந்தன. படுத்திருந்த விதம். வெளியே என்ன சத்தம். பிறகு கனவு: யார் வாய், யார் பேசினார், யாரிடம், க/ச/ட எந்த வகை, குரல் வந்ததா, வராவிட்டால் அதோடு விழித்தீர்களா, எதிரே இருந்தவர் என்ன செய்தார். கடைசியாக, அப்போது இருந்த உணர்ச்சி ஒரே சொல்லில்.

வெளிச் சத்தத்தை ஏன் கேட்கிறேன் என்றால், அது கனவுக்குள் நுழையும். 1958இல் டெமென்ட், வொல்பெர்ட் ரெம் தூக்கத்தில் இருந்தவர்கள் மேல் குளிர்ந்த நீரைத் தெளித்து எழுப்பிக் கேட்டபோது 42 விழுக்காட்டுக் கனவுகளில் அது ஏதோ வடிவில் இருந்தது. வெறும் ஒலியெழுப்பியபோது 9 விழுக்காடுதான். 2021இல் நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் சேர்ந்து, கனவென்று அறிந்தே கனவு காண்பவர்களிடம் தூக்கத்திலேயே கேள்வி கேட்டன. சிலர் கண்ணசைவாலும் முகத் தசையாலும் சரியான விடை சொன்னார்கள். கேள்வி வெளியிலிருந்து வரும் குரலாகவும், கனவுக்குள் இருந்த ரேடியோவிலிருந்து வருவதாகவும் கேட்டிருக்கிறது. தொலைபேசியில் யாரோ பேசும் காணொளியை ஓடவிட்டுத் தூங்குபவர்கள், கனவில் வந்த உபதேசத்துக்குப் பொருள் தேடுமுன் அந்தக் காணொளியை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கனாக்குறிப்பு — 9 பிப்ரவரி, இரவு 7.30

எதிராளி என்ன செய்தார் என்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று நிலாமுற்றம் தனியே கேட்டதால்.

குரல் வராத இரண்டு கனவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எதிரே இருப்பவர் குனிந்து காதைக் கொடுத்துக் காத்திருக்கிறார். இன்னொன்றில் அவர் பேசிக்கொண்டே போகிறார், நம் வாய் அசைவதையே கவனிக்கவில்லை. பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பலன். ஆனால் முதலாவதில் தடை பேசுபவரிடம், இரண்டாவதில் கேட்பவரிடம். முதலாவதற்கு நான் கேட்பது: அவரிடம் சொல்ல வேண்டியது என்னவென்று உங்களுக்கே தெளிவாகத் தெரியுமா? இரண்டாவதற்கு: சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளாதவர் யார்? 'அடக்கி வைத்தது வெளியே வருகிறது' என்ற பொதுவான பதில் முதலாவதற்குக் கொஞ்சம் பொருந்தும், இரண்டாவதற்குப் பொருந்தாது. அவர் அடக்கவே இல்லையே, சொல்லிச் சொல்லி ஓய்ந்தவர்.

வாயிலிருந்து இழுக்கும் கனவிலும் இதே கேள்விதான். தனியாகவா, ஆள் முன்னாலா? இழுத்தால் இதமாக இருந்ததா, இழுக்க இழுக்கக் கூடியதா? தனியாக, இதமாக என்றால் நான் அதற்கு மேல் போவதில்லை.

கனவைச் சொல்பவர் வாயில் வரும் தொடரையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 'பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்', 'தொண்டை வரைக்கும் வந்தது', 'வாயடைத்துப் போனேன்' என்று அவராகச் சொன்னால் அந்தத் தொடரை வேறு எந்த விஷயத்தில் அண்மையில் சொன்னார் என்று கேட்கலாம். நீங்களாக எடுத்துக் கொடுக்கக் கூடாது. எடுத்துக் கொடுத்தால் மரியாதைக்காக ஆமாம் என்பார்.

நிலாமுற்றம் — 10 பிப்ரவரி, காலை 6.20

என் முதல் கருத்தில் இரண்டாவது வகை இடம்பெறவே இல்லை, அதை மாற்றிக்கொள்கிறேன். இறந்தவர் வந்து, வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பது? அதையும் எதிராளி கணக்கில் படிக்கலாமா?

வைகறைவாசல் — 10 பிப்ரவரி, இரவு 9.50

படிக்கலாம், ஆனால் நீங்கள் படிக்காதீர்கள். அவர் படிக்கட்டும். துக்கத்தில் இருப்பவர்களின் கனவில் இறந்தவர் பேசுவதும் பேசாமல் நிற்பதும் மிகச் சாதாரணம். 'கோபமாக இருக்கிறார், அதனால்தான் பேசவில்லை' என்று வெளியிலிருந்து ஒருவர் சொல்லிவிட்டால் அந்தப் பாரம் ஆண்டுக்கணக்கில் இறங்காது. கேட்கக்கூடியது ஒன்றே: அந்த மௌனம் உங்களுக்கு எப்படி இருந்தது? பதில் 'நிம்மதி' என்றால் அத்தோடு விடுங்கள்.

குழுவாகக் கனவு பேசுபவர்களுக்கு அமெரிக்க உளநோய் மருத்துவர் உல்மன் வகுத்த முறை இங்கே நல்ல காப்பு. கண்டவர் கனவை மட்டும் சொல்வார். மற்றவர்கள் விவரம் கேட்பார்கள், விளக்கம் சொல்லமாட்டார்கள். அடுத்து ஒவ்வொருவரும் 'இது என் கனவாக இருந்தால்' என்று தொடங்கித் தனக்குத் தோன்றுவதைச் சொல்வார்கள், கண்டவரின் முகத்தைப் பார்த்து அல்ல. பிறகு கண்டவர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். எந்தக் கட்டத்திலும் 'போதும்' என்று நிறுத்தும் உரிமை அவருக்கே.

கனாக்குறிப்பு — 11 பிப்ரவரி, இரவு 8.15

பொருள் தெரிந்தும் தெரியாமலும் ஒரே ஊமைக்கனவு வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து வதைக்கிறது என்பவர்களுக்கு: கனவை மாற்றி ஒத்திகை பார்க்கும் முறை இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது கனவை எழுதுங்கள். எந்த இடத்தில் வேண்டுமானாலும் ஒன்றை மாற்றுங்கள். குரல் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கையில் ஒரு காகிதம் இருக்கிறது, எழுதிக் காட்டுகிறீர்கள் என்றும் மாற்றலாம். மாற்றிய கனவை மட்டும், பழையதை அல்ல, தினமும் 10 முதல் 20 நிமிடம் மனத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கனவு. பலன் தெரியச் சில வாரமாகும். பலரும் செய்யும் தவறு, பழைய முடிவு வரை ஓட்டிவிட்டுப் பிறகு மாற்றுவது. அது பழையதைத்தான் உறுதியாக்கும். நிஜமாக நடந்த கொடுமையின் மறுபதிப்பாகக் கனவு இருந்தால் தனியாகச் செய்ய வேண்டாம், உளவியல் சிகிச்சையாளரோடு செய்யுங்கள்.

சொல்லடுக்கு — 12 பிப்ரவரி, காலை 7.05

ஏட்டின் வடிவத்தில் ஒரு திருத்தம். கையால் பேசும் காது கேளாதவர்கள் கனவிலும் கையால் பேசுகிறார்கள். அவர்களுக்கு 'குரல் வந்ததா' என்ற கேள்வி பயன்படாது. கை அசைந்ததா, வெளிச்சம் இருந்ததா, எதிரே இருந்தவர் பார்த்தாரா என்று மூன்றாகக் கேளுங்கள். காலைப் பரிசோதனையில் தாடையோடு மணிக்கட்டையும் சேருங்கள், கை மரத்துப்போய் விழித்திருக்கலாம்.